நடப்பதில் சிரமம் இல்லை

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் அடுக்குமாடி வீடுகளின் கதவைத் தட்டி, முதியவர்களின் நலம் பற்றிக் கேள்வி கேட்பது என் பகுதிநேர வேலை. பதிலை டேப்லட்டில் தட்டிவிட்டால் போதும். அதை வைத்து மேலே இருப்பவர்கள் கொள்கை வகுப்பார்கள். பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்த வேதவாக்கு இது: கண்ணால் பார்த்ததை எழுதாதே, காதால் கேட்டதை மட்டும் எழுது. அடேயப்பா, என்ன விஞ்ஞானம்!

எட்டாம் மாடியில் ஒரு பெரியவர். தேக்கா வட்டாரத் துணிக்கடை ஒன்றில் நின்றே காலம் தள்ளியவர். மனைவி போனபின் தனியாக இருக்கிறார். நான் மணி அடித்து அவர் கதவைத் திறப்பதற்குள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் அரட்டை முழுவதையும் படித்து முடித்திருந்தேன். சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார்.

"நடக்கிறதுல சிரமம் இருக்கா அங்கிள்?"

"சேச்சே, ஒண்ணும் இல்லம்மா. உக்காரு, டீ போடறேன்."

படி ஏறுவது? இல்லை. குளிப்பது? இல்லவே இல்லை. வீட்டுக்கு வந்தவளிடம் குறை சொன்னால் மரியாதையா? அதுவும் கவர்மென்ட் ஆளிடம்! டீயை நானே போய் எடுத்துவந்தேன். வாரம் இரண்டு முறை ஓர் இலவச வேன் அவரை உடற்பயிற்சி சிகிச்சைக்கு அழைத்துப் போகிறதாம். அது இல்லாவிட்டால் வெளியே போகவே வழியில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். அந்த வேனைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கத்தான் இந்தக் கணக்கெடுப்பே. மனிதருக்கு அது தெரியாது. சொல்ல எனக்கும் அனுமதி இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'அதிகச் சிரமம்' என்று நானே தட்டிவிட்டேன்.

மூன்றாம் நாள் மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டார். பதிலைச் சரிபார்க்கப் பெரியவருக்கு ஃபோன் போட்டிருக்கிறார்கள். "யார் சொன்னா? நான் நல்லா நடப்பேனே!" என்று அடித்துச் சொல்லிவிட்டாராம்.

"நீங்களா கை வைக்கலாமா? டேட்டா சுத்தமா இருக்கணும் லா. இன்னொரு தடவை இப்படிச் செஞ்சா வேலை இருக்காது."

உண்மையை எழுதியதற்காகப் பொய்க்காரி என்ற பட்டத்தோடு வீடு வந்தேன். பிறகு அறிக்கை வந்தது. வட்டாரத்து முதியவர்கள் சிரமமின்றி நடமாடுகிறார்களாம். வண்ண வண்ணமாய் வரைபடங்கள் வேறு, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். வேன் நின்றது.

ஆறு மாதம் கழித்து, அதன் விளைவை அறிய என்னையே அனுப்பினார்கள். இந்த முறை பெரியவர் கதவருகே வரவில்லை. "தெறந்துதான் கெடக்கு, தள்ளிட்டு வாம்மா" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தார். கால்கள் வீங்கிப்போய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வேன் நின்னதால சிரமமா அங்கிள்? உண்மையைச் சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கைலியை இழுத்துக் கால்களை மூடிக்கொண்டார்.

"போன தடவை ஃபோன்ல பேசுனவர் ரொம்பக் கோவமா இருந்தாரு. என்னால உனக்குத் திட்டு விழுந்திருக்கும், பாவம். இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாது. சிரமம் இல்லன்னே எழுதிக்கம்மா."

'இல்லை' என்று தட்டினேன். வெட்கமாக இருந்தது. எனக்கும் வேலை வேண்டுமே.