எர்னஸ்டின் வயிற்றுப் பட்டை

மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடிதான் எர்னஸ்ட் பட்டையைச் சுற்றுவார். நுனியை இழுத்து ஒட்டுவார். திருப்தி வராது. 'சர்'ரென்று பிரித்து மறுபடி ஒட்டுவார். "ரொம்ப இறுக்காதீங்கலா, மூச்சு முட்டும்னு நர்ஸ் சொன்னாங்கதானே" என்று அடுப்படியிலிருந்து மனைவி மரியா குரல் கொடுப்பாள். பட்டைக்கு மேல் தொளதொளவென்று ஒரு சட்டை, அதற்கு மேல் இன்னொரு சட்டை. புக்கிட் செலம்பாவ் வெயிலில் இரண்டு சட்டை போட்டுத் திரியும் ஒரே ஆள் அவர்தான்.

பக்கத்து டவுனான சுங்கை பட்டாணிக்கு ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறவர். இப்போது லீவு. பித்தப்பையில் கல் என்று சின்னச் சின்னத் துளை போட்டுப் பையையே எடுத்துவிட்டார்கள். துளைகளைப் பார்த்தால் எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும். ஆனால் இருமினால், தும்மினால், முக்கியமாகச் சிரித்தால், உயிர் போய் உயிர் வரும். பஸ்ஸில் தூங்கி வழிகிற பெண்களை வம்பிழுத்தே எழுப்பி இறக்கிவிடுகிற மனிதருக்கு இப்படியொரு தண்டனை. பட்டை கட்டிக்கொண்டால் நிமிர்ந்து நடக்கலாம், கொஞ்சம் சிரிக்கவும் செய்யலாம்.

பிறகு எதற்கு ஒளிக்கிறார்? எல்லாம் பக்கத்து வீட்டு ராக்காயியால் வந்த வினை. பிள்ளை பெற்றவர்களுக்கு எண்ணெய் தேய்த்து வயிறு கட்டிவிடுவதில் அந்த வட்டாரத்தில் பேர் வாங்கியவள். உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வந்தவளுக்குப் பட்டையைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "இதான் தம்பி சரி. வயித்தச் சும்மா விட்டா காத்து பூந்துரும். பச்சத் தண்ணி குடிக்காதே, தல முழுகாதே. நல்லெண்ணெயில பூண்டு வதக்கிக் கொண்டாறேன்." எண்ணெய் ஆகாது என்று மரியா தலைபாடாக அடித்துக்கொண்டும் பூண்டு வந்து சேர்ந்தது. செய்தி டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் அங்கே வழக்கமாக உட்கார்ந்திருக்கும் ராமையா சத்தமாகக் கேட்டான்: "அண்ணே, ஆம்பளப் புள்ளயா, பொம்பளப் புள்ளயா?"

எர்னஸ்ட் சிரித்துத் தொலைத்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசைமேல் கவிழ்ந்தார். "ஐயோ, வலி கண்டுருச்சுலா!" என்றான் ராமையா. கடையே அதிர்ந்தது.

மகள் ஸ்டெஃபனிக்கு அந்தச் சனிக்கிழமை கல்யாணம். சர்ச் வாசலிலிருந்து பீடம் வரை அவர்தான் அவளை அழைத்துப் போக வேண்டும். டீக்கடை மொத்தமும் அங்கே வந்து உட்கார்ந்திருக்கும். "அன்னிக்கி பெல்ட்டும் வேணாம், கில்ட்டும் வேணாம்" என்று அறிவித்துவிட்டார். கோட்டுக்குப் பட்டன் போட வேண்டுமாம். பட்டையில்லாமல் வீட்டுக்குள் நடந்து ஒத்திகை பார்த்தார். பாதிக் கூடம் தாண்டுவதற்குள் முதுகு வளைந்து, கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. ஸ்டெஃபனி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியது அவருக்குத் துளைகளைவிட அதிகமாக வலித்தது. ஆனாலும் வீம்பு விடுமா?

சனிக்கிழமை கீபோர்டு ஒலித்ததும் எல்லாரும் எழுந்து வாசல் பக்கம் திரும்பினார்கள். ராமையா முதல் ஆளாகக் கழுத்தை நீட்டினான். எர்னஸ்ட் அடியெடுத்து வைத்தார். சுருக்கென்றது. உடம்பு குனிந்துவிட்டது.

ஸ்டெஃபனி அவர் கையை இறுக்கிப் பிடித்தாள். "பரவால்லப்பா, குனிஞ்சே போலாம். நானும் குனிஞ்சிக்கிறேன்."

சொன்னதோடு நிற்காமல், முக்காடும் பூச்செண்டுமாக அவளும் முதுகை வளைத்தாள்.

எர்னஸ்ட் நின்றுவிட்டார். திரும்பி, பின்னால் நின்ற மரியாவிடம் கையை நீட்டினார். அவள் எதையும் கேட்காமல் கைப்பையிலிருந்து பட்டையை எடுத்துக் கொடுத்தாள். கோட்டைக் கழற்றி அவளிடம் தந்துவிட்டு, அத்தனை பேர் பார்க்க, வெள்ளைச் சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி ஒட்டினார். அடியில் சிக்கிய டையை உருவியெடுத்து, பட்டையின் மேல் நேராகத் தொங்கவிட்டு, மகளுக்கு முழங்கையை நீட்டினார்.