கடன் கேட்கப் போய் மூச்சுப் பழகியது

ஹவுராவில் நான் குமாஸ்தாவாக இருந்த தொழிற்சாலையை இழுத்துப் பூட்டி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அப்போதுதான் எங்களுக்கெல்லாம் மூச்சு விடத் தெரியவில்லை என்று ஒருவர் கண்டுபிடித்தார். தென்கல்கத்தாவில் டாக்குரியாவில் குடியிருந்த தமிழர், ஒரு பாங்கில் பெரிய அதிகாரி. ஒன்றாம் தேதி தவறாமல் சம்பளம் வாங்குகிறவர்களுக்குத்தான் பணக்கவலையைப் போக்கும் வழி அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

ஞாயிறு காலையில் அவர் வீட்டுக் கூடத்தில் ஜமக்காளம் விரித்திருக்கும். சம்பளம் நின்றுபோன தமிழ்க் குமாஸ்தாக்கள் பதினைந்து பேர் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவோம். "பணத்தைப் பத்தின நெனப்பு வந்தா வரட்டும், விரட்டாதீங்கோ. மூச்சை மட்டும் பார்த்துண்டிருங்கோ. அதுவா எழுந்து போயிடும்" என்பார். என் வீட்டுக்கு வந்த மளிகைக் கடைக்காரர் அப்படித் தானாக எழுந்து போனதில்லை. லோட்ஷெட்டிங்கில் மின்சாரம் போய் மின்விசிறி நின்றால் வியர்வையையும் கவனிக்கச் சொல்வார். அவர் கையில் மட்டும் ஓலை விசிறி இருக்கும்.

அந்தப் பதினைந்து பேரில் ஒருவன்கூட மூச்சுக்காக வரவில்லை. கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒருநாள் அவராகவே "ஏதாவது வேணுமா?" என்று கேட்பார் என்பதற்காக வந்தோம். வாய் திறந்து கேட்பது எங்கள் கூட்டத்தில் கௌரவக் குறைச்சல். தொழிற்சாலை வாசலில் வங்காளித் தொழிலாளர்கள் உண்டியல் குலுக்கி வசூல் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களை ஏளனமாகப் பார்த்துவிட்டு வந்துதான் நாங்கள் ஜமக்காளத்தில் உட்கார்ந்தோம். எங்களைவிட அவர்களுக்குப் புத்தி இருந்தது.

எனக்கு வேண்டியிருந்தது இருநூறு ரூபாய். என் பெண் பள்ளி இறுதிப் பரீட்சை எழுத வேண்டும். பழைய பாக்கியைத் தீர்த்தால்தான் விண்ணப்பம் போகும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். மனைவியின் வளையல்கள் ஏற்கெனவே அடகுக்கடையில் இருந்தன. "இன்னிக்காவது கேட்டேளா?" என்று ஒவ்வொரு ஞாயிறும் அவள் கேட்பாள். சமயம் பார்த்துத்தான் கேட்க வேண்டும் என்பேன்.

நன்றாக மூச்சுப் பழகுகிறவன்மேல் அவருக்குத் தனி அபிமானம் வரும் என்று நினைத்தேன். முதுகை நிமிர்த்தி, முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தேன். பக்கத்தில் எங்கள் டெஸ்பாட்ச் குமாஸ்தா. அவரால் ஒரு நிமிடம் சேர்ந்தாற்போல உட்கார முடியாது. நெளிவார், செருமுவார். நாலாவது ஞாயிறு எல்லோர் முன்னாலும் தேம்பி அழுதே விட்டார். வெட்கம் கெட்ட மனுஷன் என்று கண்ணைத் திறக்காமலே நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது ஞாயிறு வந்தது. மறுநாள் பணம் கட்டக் கடைசி நாள். எல்லோரும் போகும்வரை செருப்பைத் தேடுகிறவன்போல வாசலில் நின்றுவிட்டு அதிகாரியிடம் கேட்டேன். அவர் நிஜமாகவே திகைத்துப்போனார்.

"அடடா, உங்களுக்குமா? நம்ம கிளாஸ்லயே கவலையில்லாதவர் நீங்கதான்னு ஆத்துல சொல்லிண்டிருந்தேனே." பிறகு குரலைத் தாழ்த்தினார். "போன வாரம் அந்த டெஸ்பாட்ச்காரர் அழுதார், பாத்தேளோல்லியோ? மனசு கேக்கலை. கையில இருந்ததை அவர்ட்ட குடுத்துட்டேன். இனிமே அடுத்த மாசம்தான். நீங்க பக்குவப்பட்டவர், தாங்கிப்பேள்."

பக்குவப்பட்டவன் வீட்டுக்கு நடந்தே வந்தேன். வழியெல்லாம் அவரைத் திட்டினேன். மூச்சை விற்கிறவன், சம்பளக்கார சாமியார் என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் அவர்மேல் ஒட்டவில்லை. அழுத மனிதனுக்கு அவர் பணம் கொடுத்திருந்தார். நான் அழவில்லை, அவர் கையில் பணம் இருந்தபோது கேட்கவும் இல்லை. நாலு வாரம் அவரை ஏமாற்றியிருந்தேன், அதுவும் வெகு திறமையாக. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மாடிப்படி முனையில் பெண் நின்றிருந்தாள்.

"கேட்டியாப்பா?"

"கேட்டேம்மா. அவர்ட்ட இல்லையாம்."

சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. "பரவாயில்லைப்பா" என்று உள்ளே போய்விட்டாள். அந்த வருடம் அவள் பரீட்சை எழுதவில்லை. பாவம் அப்பா, கேட்டும் கிடைக்கவில்லை என்றுதான் இன்றும் தன் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் திருத்தவில்லை.