கிளட்ச் மிதிக்கும் முட்டி

அறுவை சிகிச்சை அறையில் நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டிருந்தார்கள். நடுவில் பச்சைத் துணியைத் திரை போலக் கட்டிவிட்டதால் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் காது இருக்கிறதே! ரம்பம் ஓடியது. சுத்தியல் விழுந்தது. டங், டங் என்று தட்டும்போதெல்லாம் உடம்பு குலுங்கியது, வலி மட்டும் இல்லை. முப்பது வருஷமாக லோரி ஓட்டுகிறவனுக்குப் பட்டறைச் சத்தம் என்றால் கொண்டாட்டம்தான். "டாக்டர், பேரிங் மாத்துறீங்களா?" என்று மலாய் மொழியில் கேட்டேன். திரைக்கு அந்தப் பக்கம் எல்லோரும் சிரித்தார்கள்.

கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. தேய்ந்துபோன இடது முட்டியைச் சீவிவிட்டு உலோக முட்டி பொருத்தினார்கள். இடது கால் எனக்குக் கிளட்ச் கால். கோலசிலாங்கூரைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப்போகும் பழைய லோரி என்னுடையது. என்னுடையது என்றால், கண்ட்ராக்டருடையது. ஆனால் அதன் குணம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சீட் துருப்பிடித்து நகராது. நானோ குள்ளம். காலை முழுக்க நீட்டினால்தான் கிளட்ச் அடிவரை போகும். கொஞ்சம் குறைந்தாலும் கியர் நறநறவென்று பல்லைக் கடிக்கும்.

"மூணு மாசம் சாவிய யாருக்கும் குடுக்க மாட்டேண்ணே. அதுக்கு மேல முடியாதுலா," என்று கண்ட்ராக்டர் சொல்லியிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. வெட்டிய குலை காத்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி முதல் காரியமாக இலவம்பஞ்சுத் தலையணையை என் முட்டிக்கு அடியில் வைத்தாள். ஆகா, என்ன சுகம்! எங்கள் சனத்துக்கு நோயாளி என்றாலே தலையணைதான். பார்க்க வந்தவர்கள் பிஸ்கட் டின்னை மேசையில் வைத்துவிட்டு, தலையணையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா தன் வீட்டிலிருந்து இன்னொன்று கொண்டுவந்து அதன்மேல் அடுக்கினார். நான் ராஜா மாதிரி கிடந்தேன்.

மருத்துவமனையில் மடக்கவும் நீட்டவும் பயிற்சி சொல்லித்தான் அனுப்பினார்கள். மடக்குவது எனக்குச் சுலபமாக வந்தது. வந்தவர்களுக்கெல்லாம் மடக்கி மடக்கிக் காட்டிப் பெருமை அடித்தேன். நீட்டுவது வலித்தது. அதை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து உடற்பயிற்சி சிகிச்சைக்குப் போனோம். அங்கிருந்த மலாய்ப் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். மடக்கிக் காட்டினேன். "பாகுஸ், அங்கிள்!" என்று பாராட்டினாள். பிறகு படுக்கவைத்துக் காலை நீட்டச் சொன்னாள். நீளவில்லை. முட்டி மேடாகவே நின்றது, அடியில் அவள் கை தாராளமாகப் புகுந்து வெளியே வந்தது. வீட்டில் எப்படிப் படுப்பீர்கள் என்று கேட்டாள். என் மனைவி முந்திக்கொண்டு, இரண்டு தலையணை வைத்துப் பூப்போலப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்படியே வைத்திருந்தால் முட்டி அந்த வளைவிலேயே இறுகிவிடும், பிறகு நீட்டுவது பெரும்பாடு என்றாள். தலையணை வேண்டுமானால் குதிகாலுக்குக் கீழே, முட்டிக்குக் கீழே கூடவே கூடாது.

திரும்பி வரும்போது எனக்கு வந்ததே கோபம்! "எல்லாம் உன் தலையணையால வந்த வெனை," என்று வள்ளென்று விழுந்தேன். அவள் ஜெராம் ஊர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "சொகமா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க," என்றாள். நியாயம்தான். எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்றிலிருந்து அதே தலையணை குதிகாலுக்குப் போனது. முட்டி அந்தரத்தில் தொங்கும்போது உயிர் போய் உயிர் வந்தது. பிறகு தலையணையை எடுத்துவிட்டு, என் மனைவி தன் வலது கையை முட்டிக்கு அடியில் மெத்தையோடு வைப்பாள். "கிளட்ச்சுன்னு நெனச்சி மிதிங்க. என் கைய நசுக்குங்க."

மிதித்தேன், கத்தினேன், திட்டினேன். அவள் கையை எடுக்கவில்லை. முதல் வாரம் கை சும்மா போய்வந்தது. அடுத்த வாரம் உரசியது. அதற்கடுத்து வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள், எனக்குச் சிரிப்பும் வந்தது, நம்பிக்கையும் வந்தது. ஒரு நாள் காலையில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்க, "அம்மாடி! மாட்டிக்கிச்சு! கை வரல!" என்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்துவிட்டார்.

டாக்டர் ஓட்டலாம் என்று சொன்னபோது மூன்று மாதத்துக்கு நாலே நாள் பாக்கி. மறுநாளே நானும் மனைவியும் கண்ட்ராக்டரின் கொட்டகைக்குப் போனோம். சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு லோரிப் பக்கம் போனேன். ஏறி உட்கார்ந்தேன். கண்ட்ராக்டர் என் காலையும் பெடலையும் மாறிமாறிப் பார்த்தார். "அண்ணே, முதுகுக்கு ஒரு தலையணை குடுத்துப் பார்ப்போமா? ரொம்ப நீட்ட வேணாம்லா."

நான் வாய் திறக்குமுன் கீழே நின்ற என் மனைவி சொன்னாள்: "தலையணைப் பேச்சே எடுக்காதீங்க தம்பி. அவரு முட்டி நீளும்."

எஞ்சினைக் கிளப்பினேன். மிதித்தேன். பெடல் இறங்கியது, இன்னும் இறங்கியது, அடியில் தகரத்தைத் தொட்டது. கியரைப் போட்டேன். சத்தமே இல்லை. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல விழுந்தது.

என் மனைவி கதவருகே வந்தாள். குலை ஏற்றி முடித்தவர்கள் கிளம்பச் சொல்லித் தட்டுவார்களே, அதேபோல அந்த வலது கையால் லோரிக் கதவை இரண்டு தட்டுத் தட்டினாள்.