காப்புக் கட்டிய வாரமும் என் பதினேழாம் விதியும்

1. நான்கு தட்டுகள்

அந்த வெள்ளிக்கிழமை மதியம் விடுதிச் சமையலறையில் நான்கு தட்டுகள் கழுவாமலேயே சுத்தமாக இருந்தன. சாப்பிட ஆள் வரவில்லை என்று அர்த்தம். சமையலர் சரசு அக்கா அவற்றை அடுக்கி எடுத்துவந்து என் மேசைமேல் வைத்தார், ஏதோ சாட்சிப் பொருள் மாதிரி.

"அரியூர் நாட்டுப் பசங்க நாலு பேரும் ஊருக்குப் போயிட்டாங்க சார். பழனிவேலு சொல்லிட்டுத்தான் போனான்." இந்த மலையில் பல ஊர்கள் சேர்ந்தால் ஒரு 'நாடு'.

"யார்கிட்ட சொன்னான்?"

"உங்ககிட்டத்தானுங்க. புதன்கிழமை. நீங்க கத்துனது அடிவாரம் வரைக்கும் கேட்டுச்சே."

என் வலது கை தானாகச் சட்டைப் பையில் இருந்த பேனாவைத் தேடியது. பதற்றம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிறு கலங்கும். எனக்கு விதி வரும். உட்கார்ந்து ஒரு விதி எழுதினால்தான் படபடப்பு அடங்கும்.

புதிதாக வேலைக்கு வரும் காப்பாளர்களுக்காக இந்தக் குறிப்பை எழுதுவதால் உண்மையையே சொல்லிவிடுகிறேன். மயிலாடுதுறைப் பக்கத்துச் சமவெளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் குடலைப் பிடித்துக்கொண்டு கொல்லிமலைக்கு வந்து, இந்தக் கல்லூரி மாணவர் விடுதியில் நான் வார்டனாகச் சேர்ந்தபோது அறிவிப்புப் பலகையில் பத்து விதிகள் இருந்தன. அவை அரசாங்கம் கொடுத்தவை. ஒரே வருடத்தில் இருபத்து மூன்று ஆயின. கூடுதல் பதின்மூன்றும் என் பயத்துக்குப் பிறந்தவை.

பதினொன்றாம் விதி: அறைக்குள் பலாப்பழம் வைக்கக் கூடாது. யாரோ கட்டிலுக்கடியில் பழுக்கவைத்த பழத்தின் வாசனையை கேஸ் கசிவு என்று நினைத்து, மொத்த விடுதியையும் மழையில் நிறுத்திவைத்தேன். பதினான்காம் விதி: குளியலறையில் பாடக் கூடாது. ஒருவன் பாடியதை நான் உயிர் போகும் ஓலம் என்று நினைத்துக் கதவை உடைத்துவிட்டேன். உள்ளே இருந்தவன் சோப்பு நுரையோடு, "நல்லா இல்லீங்களா சார்?" என்று கேட்டான்.

இந்தக் கதைக்கு வேண்டியது பதினேழாம் விதி. முன் அனுமதி இல்லாமல் யாரும் இரவு வெளியே தங்கக் கூடாது. பெற்றோர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் இரண்டு இரவு வரை அனுமதி. மீறினால் விடுதி இடம் ரத்து.

2. சொல்லிவிட்டுப் போனவன்

பழனிவேல் மூன்றாம் ஆண்டு வேதியியல். அதிகம் பேசமாட்டான். புதன்கிழமை அவனே வந்து நின்றான்.

"சார், வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்க ஊர்ல காப்புக் கட்றாங்க. கட்டிட்டா திருவிழா முடியற வரைக்கும், எட்டு ராத்திரி, ஊரு எல்லைக்குள்ளதான் படுக்கோணும். பகல்ல கிளாசுக்கு வந்துருவோம் சார். ஒரு நாளும் லீவு போடமாட்டோம்."

"அப்பாவை வந்து கையெழுத்துப் போடச் சொல்லு. அப்பவும் ரெண்டு ராத்திரிதான்."

"அப்பாதானுங்க சார் பூசாரி. விரதத்துல இருக்காரு. ஊரைவிட்டு வரமாட்டாரு."

"அப்ப நீயும் ஊருக்குப் போகமாட்டே."

"அப்பாவுக்குப் பூசைத் தட்டு ஏந்தறது நானுங்க சார். போயிருவேன். சொல்லாம போனா தப்புன்னுதான் சொல்றேன்."

அப்போதுதான் கத்தினேன். அடுத்த இரண்டு நாள் யோசித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் யோசிக்கவில்லை, பயந்தேன். அவர்கள் போகும் வழியில் கரடி வந்தால்? பள்ளத்தில் விழுந்தால்? பேப்பரில் என் பெயர் வந்தால்? அந்த வரிசையைக் கவனியுங்கள். கரடி முதலில் வந்தாலும் கடைசியில் நின்றது என் பெயர்தான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மாவட்ட அலுவலருக்கு மின்னஞ்சலில் ஒரு கடிதம் அனுப்பினேன். பழனிவேல் என்ற மாணவர் விதிகளை மதிப்பதில்லை என்றும், மற்ற மூவரையும் தூண்டி அழைத்துச் செல்கிறார் என்றும், அவருடைய விடுதி இடத்தை ரத்துசெய்யப் பரிந்துரைக்கிறேன் என்றும் எழுதினேன். 'தூண்டி' என்ற சொல் நானாகச் சேர்த்தது. நான்கு பேர் போனால் காப்பாளர் சரியில்லை என்பார்கள். ஒருவன் தூண்டினான் என்றால் பையன் சரியில்லை என்பார்கள்.

தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. இடம் போனால் அவன் தினமும் மலைப்பாதையில் நடந்து வந்து படிக்கவேண்டும், இல்லை நின்றுவிடவேண்டும். அது தெரிந்துதான் அனுப்பினேன்.

3. எல்லைக்குள் ஒரு கால்

தட்டுகளைப் பார்த்த பிறகு இன்னொரு பயம் பிடித்தது. கடிதம் அனுப்பியும் பையன்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், "தெரிந்தும் ஏன் தடுக்கவில்லை?" என்று கேட்பார்களே! மூன்று மணி பஸ்ஸில் ஏறி, இறங்கிய இடத்திலிருந்து அரை மணி நேரம் நடந்தேன். நால்வரையும் கையோடு கூட்டிக்கொண்டு ஆறு மணிக் கடைசி பஸ்ஸில் திரும்புவதாகத் திட்டம்.

ஊர் முனையில் ஒரு அம்மா, "செருப்பைக் கழட்டிருங்க சாமி," என்றார். கழற்றினேன். கோயில் முன்னால் ஊரே நின்றது. பறை முழங்கிக்கொண்டிருந்தது. பழனிவேல் இடுப்பில் மஞ்சள் வேட்டியுடன் தட்டை ஏந்தி நின்றான். அவன் அப்பா சின்னண்ணன், ஒல்லியான மனிதர், மஞ்சள் துண்டு கோத்த கயிற்றைக் கம்பத்தில் கட்டிக்கொண்டிருந்தார். நான் கையை உயர்த்தி, "பழனிவேல்!" என்று கூப்பிட்டேன். பறையில் எனக்கே கேட்கவில்லை. முடிச்சு விழுந்தது. குலவைச் சத்தம். பறை நின்றது.

சின்னண்ணன் வந்து கும்பிட்டார். "வாங்க சார். நல்ல நேரத்துல வந்தீங்க."

"பசங்களைக் கூட்டிட்டுப் போக வந்தேங்க."

"கூட்டிட்டுப் போங்க சார், காலைல. ராத்திரிக்கு இங்க வந்துரோணும். காப்புக் கட்றப்ப யாரு காலு எல்லைக்குள்ள இருக்குதோ, எட்டு ராத்திரியும் அவிய இங்கதான் படுக்கோணும்."

"அது ஊர்க்காரங்களுக்குத்தானே?"

"காலுன்னா காலுதானுங்களே சார்."

எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இரண்டும் எல்லைக்குள்தான் இருந்தன, செருப்புக்கூட இல்லாமல். பின்னாலிருந்து ஒரு குரல், "வார்டனுக்கே அட்டெண்டன்ஸ் போட்டாச்சு!" என்றது. ஊர் சிரித்தது.

சின்னண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "உங்களை யாரும் கட்டிப்போடலீங்க. போகோணும்னா போங்க. ஆனா நாளைக்கு உங்களுக்கு ஒரு தலைவலின்னு கேள்விப்பட்டாலும் இந்த ஊரு அதைத் தன் குத்தம்னுதான் நினைச்சுக்கும்."

எனக்கு இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது என்று உரக்கச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தேன். எல்லைக் கல் வரைக்கும் போனேன். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு புதர் அசைந்தது. காற்றுதான். பத்தாவது நிமிடம் ஊருக்குள் நின்றுகொண்டு, "செருப்பை மறந்துட்டேன்" என்றேன். செருப்பு என் காலில் இருந்தது.

"சாருக்கு ஒரு பாயி எடுத்துப் போடு கண்ணு," என்றார் சின்னண்ணன் மகனிடம்.

பாறைமேல் ஏறினால்தான் போனுக்கு சிக்னல். சரசு அக்காவிடம் விஷயத்தைச் சொல்லி, வாட்ச்மேனோடு விடுதியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டார்: "லீவு லெட்டர் குடுத்தீங்களா சார்?"

4. சாமைச் சோறு

இரண்டு நாள் இப்படிப் போனது. விடிந்ததும் நான்கு பையன்களோடு ஒற்றையடிப் பாதையில் ஒன்றரை மணி நேர நடை. எனக்கு விடுதி வேலை, அவர்களுக்கு ஞாயிறன்றும் தேர்வுப் படிப்பு. சாயங்காலம் மறுபடி மலையேற்றம். பழனிவேல் என் பையைத் தூக்கிக்கொண்டான். வழுக்கும் இடங்களில், "இந்தக் கல்லு வேண்டாம் சார், அந்தக் கல்லு," என்று சொல்லிக்கொண்டே முன்னால் போனான். கரடியைப் பற்றி இரண்டு முறை கேட்டேன். "நீங்க பேசிட்டே வாங்க சார், அது பக்கத்துலயே வராது," என்றான். அது பாராட்டா என்று இன்றுவரை தெரியவில்லை.

தங்கியது அவன் வீட்டில்தான். மற்ற வீட்டார் கூப்பிட்டும் சின்னண்ணன் விடவில்லை. "பையனோட வார்டன் எங்க ஊட்டுலதான் இருக்கோணும்." சூடான சாமைச் சோறு, அவரைக் குழம்பு. ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அவர் சொன்னார்:

"இவன் முடிச்சா இந்த ஊருக்கே மொதல் டிகிரிங்க சார். ஆஸ்டல் மட்டும் இல்லீன்னா ரெண்டாம் வருசமே மரவள்ளிக் காட்டுக்கு வந்திருப்பான். உங்க புண்ணியம்."

சோற்றை அப்படியே விட்டுச் சொம்பை எடுத்தேன். தண்ணீர் குடித்தேன். "காரமுங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். அந்தக் குழம்பில் காரமே இல்லை.

கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக இன்னொரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கலாம். இரண்டு வரி போதும். இரண்டு பகல் முழுக்க அதை எழுதி எழுதி அழித்தேன். திரும்பப் பெற்றால், முதலில் ஏன் அனுப்பினாய் என்று கேட்பார்கள். விதி எழுத முந்திக்கொண்டு வரும் கை, அந்த இரண்டு வரிக்கு வரவில்லை.

5. அலுவலரின் கேள்வி

திங்கட்கிழமை காலை, நாங்கள் ஐவரும் விடுதிக்குள் நுழைந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மாவட்ட அலுவலர். அதட்டிப் பேசாத அம்மையார். அதுதான் அவரிடம் பயமே.

"சார், உங்க லெட்டர் பார்த்தேன். பேசலாம்னு நேத்து சாயங்காலம் ஹாஸ்டலுக்கு போன் பண்ணேன். நீங்க இல்ல. குக் எடுத்தாங்க. சாருக்குக் காப்புக் கட்டிட்டாங்கன்னு சொன்னாங்க. அப்படின்னா என்ன?"

வயிற்றுவலி, பஸ் பிரேக்டவுன், உறவினர் மரணம் என்று மூன்று பொய்கள் வரிசையாக நின்றன. மூன்றும் சேர்ந்தே வந்தால் எப்படி இருக்கும் என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். பிறகு நடந்ததைச் சொன்னேன்.

"எத்தனை ராத்திரி ஆச்சு?"

"மூணு மேடம்."

"உங்க விதி எத்தனை ராத்திரி?"

"ரெண்டு மேடம்."

"பர்மிஷன்?"

"வாங்கலை மேடம்."

"உங்களை யார் தூண்டினது?"

"யாரும் இல்லை மேடம். பயந்துட்டேன்."

"சரி. அந்தப் பையனை யார் தூண்டினது? அவன் யாரைத் தூண்டினான்?"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பழனிவேல் கடைசியாகக் கால் கழுவிவிட்டு, குழாயை மூடிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மாடிக்குப் போனான்.

"யாரையும் இல்லை மேடம். அவன் ரெண்டு நாள் முன்னாடியே வந்து கேட்டான். அந்த வார்த்தை நான் சேர்த்தது."

"அவன் சீட்டு ரத்துக்கு ஃபைல் போட்டாச்சு. இன்னும் கையெழுத்துப் போடலை. நீங்க அந்த லெட்டரை அவன்கிட்டயும் அவங்க அப்பாகிட்டயும் முழுசாப் படிச்சுக் காட்டுங்க. அதுக்கப்புறமும் அது சரின்னு உங்களுக்குத் தோணினா சொல்லுங்க, போட்டுடறேன். இல்லைன்னா நாளைக்கு எழுதிக் குடுங்க. உங்களுக்கு மெமோ எப்படியும் வரும்."

6. படித்துக் காட்டினேன்

சாயங்காலம் போய்ச் சேர்ந்தபோது சின்னண்ணன் வாசலில் காயப்போட்ட மிளகை வாரிக்கொண்டிருந்தார். பழனிவேலையும் உட்காரச் சொன்னேன். பையிலிருந்து அச்செடுத்த கடிதத்தை எடுத்தேன். அதையும் அவன்தான் மலையேற்றிக் கொண்டுவந்திருந்தான்.

படித்தேன். அலுவலகத் தமிழ் அறைக்குள் எழுதும்போது கம்பீரமாக இருக்கும். அந்த வாசலில், 'மேற்படி மாணவர்' என்று படித்தபோது மேற்படி மாணவர் என் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். 'தூண்டி' என்ற இடத்தில் குரல் போய்விட்டது. தண்ணீர் கேட்க வெட்கமாக இருந்தது. அந்த வரியை மறுபடி முதலிலிருந்து படித்து முடித்தேன்.

சின்னண்ணன் மிளகு வாருவதை நிறுத்தவில்லை. "இதை எப்ப எழுதுனீங்க சார்?"

"வெள்ளிக்கிழமை காலைலங்க."

"அதுக்கப்புறந்தானுங்க எங்க ஊட்டுல சாப்புட்டீங்க?"

"ஆமாங்க."

பழனிவேல் எழுந்து உள்ளே போய்விட்டான். நான் பையை எடுத்துக்கொண்டேன். ஆறு மணி பஸ் இன்னும் போயிருக்காது. எந்த முகத்தோடு அந்த வீட்டில் படுப்பது? வாசலைத் தாண்டும்போது அவர் கூப்பிட்டார்.

"எங்கீங்க போறீங்க?"

"நான் இனி இங்க இருக்கிறது சரியில்லீங்க."

"சரியில்லீங்கதான்," என்றார். மிளகை மூட்டையில் கொட்டிக் கட்டினார். "கோவமுங்க சார். நிறையவே கோவம். ஆனா காப்பு அவுக்கலீங்களே. இன்னும் அஞ்சு ராத்திரி இருக்குது. அதுவரைக்கும் யாரையும் வெளிய அனுப்பமாட்டோமுங்க."

பாய் பழைய இடத்திலேயே விரித்திருந்தது. பழனிவேல் விரித்தது. அன்று அவன் என்னோடு பேசவில்லை. மறுநாள் காலை என் பையை எடுக்கவுமில்லை. நான்தான் சுமந்தேன். ஓடையருகே நான் தவறான கல்லில் கால் வைக்கப் போனேன். அவன் திரும்பிப் பார்க்காமலே, "அது வேண்டாம்," என்றான். 'சார்' இல்லை. நான் அடுத்த கல்லில் கால் வைத்தேன்.

கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன். ஃபைல் மூடப்பட்டது. அவன் இடம் இருந்தது, தேர்வு எழுதினான், தேறினான். எனக்கு மெமோ வந்தது. பணிப் பதிவேட்டில் இருக்கிறது. 'சார்' திரும்பி வர ஒரு மாதம் பிடித்தது. அது நியாயம்.

பதினேழாம் விதியை எடுத்துவிடவில்லை. விடுதி என்றால் யார் எங்கே படுக்கிறார்கள் என்று ஒருவருக்குத் தெரிந்தாகத்தான் வேண்டும். ஆனால் இப்போது சேர்க்கை நாளில் விதிகளை வாசிப்பதற்கு முன், "உங்க ஊர்ல என்னென்ன காப்பு, என்னென்ன கட்டுப்பாடு?" என்று ஒவ்வொருவனிடமும் கேட்டு எழுதிக்கொள்கிறேன். என் விதி ஆளை வெளியே தள்ளுவதற்கென்றே எழுதப்பட்டது. கோபத்திலும் ஆளை உள்ளே வைத்துக்கொள்ளும் விதி ஒன்று உண்டு என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

இளம் காப்பாளர்களுக்கு ஒன்று சொல்வேன். பயம் வரும், வரட்டும். பேனாவும் வரும், எழுதுங்கள். ஆனால் ஒரு மாணவனைப் பற்றி மேலிடத்துக்கு எழுதும் எதையும், அனுப்புவதற்கு முன் அவனை எதிரே உட்காரவைத்து உரக்கப் படித்துக் காட்டுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். பல கடிதங்கள் இரண்டாம் வரியைத் தாண்டுவதில்லை. என் குரலே என்னைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது.