‘அவசரம் இல்லை’ என்று சொன்ன மனிதர்

அண்ணாச்சி போய்விட்ட செய்தி எனக்கு மலையாளத்தில்தான் வந்தது. பஞ்சாயத்து ஆபீஸின் பழைய பியூன் போன் செய்து, “சேச்சி, நம்முடெ பைப்பண்ணாச்சி மரிச்சுபோயி” என்றார். காலை எட்டரை மணி. அரிசி களைந்த ஈரக்கையோடு நின்றுகொண்டு “எந்த அண்ணாச்சி?” என்று கேட்டேன். அந்தப் பெயரில் எனக்குத் தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். இருந்தும் கேட்டேன். ஒருவேளை அவர் வேறு யாரையாவது சொல்லிவிட மாட்டாரா என்று ஒரு அற்ப ஆசை.

வள்ளிநாயகம் என்பது ரேஷன் கார்டில் இருந்த பெயர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சாலை பஜாரில் பைப், வால்வு, மோட்டார் விற்கும் கடை வைத்தவர். இந்த நினைவுமலரைப் படிக்கும் வியாபாரிகள் பலர் அவரோடு ஒரே பெஞ்சில் டீ குடித்தவர்கள்; உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அவர் வீடு நகரத்தில் இல்லை, பொன்முடி போகும் வழியில் மலையடிவாரத்தில் இருந்தது. அந்தப் பஞ்சாயத்தில் நான் அப்போது தற்காலிகக் கிளார்க். கிழக்கேகோட்டையில் ஏறி, வழியில் ஒரு பஸ் மாறிப் போய்ச் சேர்வேன். அங்கே அவர் யாராக இருந்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்பதை முடிவில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் பின்பாதி. பஞ்சாயத்துகள் தங்கள் திட்டத்தைத் தாங்களே தீட்டலாம், பணம் தருகிறோம் என்று அரசு சொன்ன புதிது. ரோட்டுக்கு ஒரு குழு, குடிநீருக்கு ஒரு குழு, விவசாயத்துக்கு ஒரு குழு என்று பிரித்தார்கள். ரோட்டுக் குழுவில் சேர அடிதடி. எரிசக்திக் குழுவுக்கு ஆளே இல்லை. பைப் விற்கிறவர், மோட்டார் தெரிந்தவர் என்று அண்ணாச்சியைப் பிடித்துக் கன்வீனராகப் போட்டார்கள். மினிட்ஸ் எழுத என்னைப் போட்டார்கள். முந்தைய திட்டத்தில் எரிசக்தி என்ற தலைப்பின்கீழ் ஒரே ஒரு வரி இருந்தது: தெருவிளக்கு மாற்றுதல். அதை நான் படித்துக் காட்டியதும் அண்ணாச்சி சிரித்துவிட்டார். “ஏன் தங்கச்சி, வெறகு சக்தி இல்லையா? சாணி சக்தி இல்லையா? மலையில இருந்து இந்தத் தண்ணி ராப்பகலா இறங்குதே, அது என்ன சோலி இல்லாமலா போகுது?”

அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டார் மனிதர். மேலே தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பை ஒட்டி ஓர் ஓடை விழுகிறது. அந்த வரிசை வீடுகளை லயம் என்பார்கள். முப்பது சொச்சம் வீடு, எல்லாம் தமிழ்க் குடும்பங்கள். மேனேஜர் பங்களாவுக்கும் தேயிலை பாக்டரிக்கும் கரண்டு உண்டு. கம்பி லயத்தின் தலைக்கு மேலேயே போகிறது. லயத்துக்கு மட்டும் மண்ணெண்ணெய் விளக்கு. அங்கே கொழுந்து பறிக்கும் முத்துலட்சுமி, நாங்கள் முதல்முறை போனபோதே என்னைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா, எம் மக பத்தாவது படிக்கா. புகையில கண்ணு ரெண்டும் கோவப்பழமாட்டம் ஆயிருது. ஒரு பல்பு போதும்மா, வீட்டுக்கு ஒண்ணு.” அண்ணாச்சி முந்திக்கொண்டு “ரெண்டா வாங்கிக்கோ” என்றார். அப்படியெல்லாம் வாக்குக் கொடுக்காதீர்கள் என்று நான் அவரிடம் திரும்பி வரும் வழியெல்லாம் சண்டை போட்டேன்.

எனக்கு மலை ஏறுவது வேப்பங்காய். அவரோ மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு ஏறிவிடுவார். ஓடையில் ஒரு பெரிய வாளியை வைத்து, அது நிறைய எத்தனை விநாடி என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதச் சொல்வார். மழையில், கோடையில், ஒரு வருடம் முழுக்க. எத்தனை உயரத்திலிருந்து தண்ணீர் விழுகிறது என்று அளக்க இன்ஜினியர் கருவி எதுவும் கிடையாது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற அந்தக் கண்ணாடி டியூப்தான். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நான் மேலே, மறுமுனையோடு அவர் கீழே. என் காலில் அட்டை ஏறி நான் கூச்சல் போட, கீழேயிருந்து அவர், “கையை ஆட்டாத தங்கச்சி! அட்டை குடிச்சா ரத்தம் ஊறிரும், மட்டம் போச்சுன்னா மறுபடி முதல்லேருந்து ஏறணும்!” என்று கத்தினார். அடப் பாவி மனுஷா என்று வாய்விட்டே திட்டினேன். திட்டிக்கொண்டே கையை ஆட்டாமல் நின்றேன்.

இறங்கி வரும்போது ஒருநாள் சொன்னார்: “இந்தத் தண்ணி சும்மா போகல பாத்துக்கோ. கரண்டைத் தலையில சுமந்துக்கிட்டு வருது. வாங்கி இறக்கி வைக்கத்தான் இங்க ஆள் இல்ல.” அவர் படித்தது ஆறாம் வகுப்பு. புகை இல்லாமல், காடு அழிக்காமல், எங்கிருந்தோ கம்பி இழுக்காமல் ஊர்த் தண்ணீரிலேயே ஊருக்கு விளக்கு என்று அவர் சொன்னதை நான் திட்ட அறிக்கையில் நாலு பக்கம் எழுதினேன். பஞ்சாயத்துத் தலைவர் அதைப் படித்துவிட்டு, “இது கொள்ளாமல்லோ!” என்று பாராட்டி மேசையைத் தட்டினார்.

இனி வருவது எழுதக் கை வராத பகுதி.

கால்வாயும் பைப்பும் போக வேண்டியது தோட்டக் கம்பெனியின் நிலம். கம்பெனி சம்மதித்தால்தான் திட்டம். கடைசிக் கூட்டத்துக்கு மேனேஜரை வரவழைத்தோம். அவர் தன்மையாகவே பேசினார். தலைமை ஆபீஸில் கேட்க வேண்டும், இரண்டு மூன்று மாதம் பிடிக்கும் என்றார். அவரை நெருக்கினால் காரியம் கெடும் என்று அண்ணாச்சிக்குத் தெரியும். கடைக்காரர் அல்லவா. “அவசரம் இல்ல சார். நல்லா கேட்டுச் சொல்லுங்க” என்றார். மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது.

நான் மினிட்ஸ் எழுதும் முறையை இங்கே சொல்ல வேண்டும். தமிழில் பேசுகிறவர்கள் பேச்சை அப்போதைக்கப்போதே மலையாளத்தில் எழுதிக்கொண்டு போவேன். இரண்டு மொழிக்கும் பொதுவான சொல் வந்தால் யோசிப்பதே இல்லை, அப்படியே மலையாள எழுத்தில் இறக்கிவிடுவேன். கைவேகம் என்று எனக்கு அதில் பெருமை வேறு. அன்றும் அதைத்தான் செய்தேன். ‘கம்பெனி நிலம் விட்டுத் தருவது பற்றி: அவசரம் இல்லை என்று கன்வீனர் தெரிவித்தார்.’ காது தமிழில் கேட்டது, கை மலையாளத்தில் எழுதியது. மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. கம்பெனி நிலம் தர வாய்ப்பே இல்லை என்று கன்வீனரே சொன்னதாக ஆகிவிட்டது.

அண்ணாச்சிக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. நோட்டை நீட்டினேன். “படிச்சுக் காட்டட்டுமா?” என்றேன். “நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்” என்று கையெழுத்துப் போட்டார்.

மேலே தொழில்நுட்பக் குழு ஒன்று எல்லாத் திட்டத்தையும் சரிபார்க்கும். அவர்கள் அந்த வரியைப் படித்தார்கள். நிலம் கிடைக்காத திட்டம் என்று கோடு கிழித்து, அந்தத் தொகையைத் தெருவிளக்குக்கு மாற்றினார்கள். கம்பெனியின் சம்மதக் கடிதம் அதற்கு மூன்று வாரம் கழித்து வந்தது. ஆமாம், வந்தது. எங்களுக்குச் சகல சம்மதம் என்று அழகாக டைப் அடித்து வந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நானும் அண்ணாச்சியும் ஜில்லா ஆபீஸுக்கு ஓடினோம். அங்கிருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. பைலைத் திருப்பி அந்த வரியைக் காட்டினார். “மினிட்ஸில் எழுதியதல்லே நமுக்கு நோக்கான் பற்றூ?” என்றார். எழுத்தில் இருப்பதைத்தானே நாங்கள் பார்க்க முடியும் என்று அர்த்தம். அப்போதுதான் அந்தச் சொல் எனக்கு மலையாளமாகத் தெரிந்தது. அண்ணாச்சியிடம் குரலைத் தாழ்த்தி, “நீங்க அவசரம் இல்லைன்னு சொன்னேளே, அதை இவா வாய்ப்பில்லைன்னு எடுத்துண்டுட்டா. யாரோ அப்படி எழுதியிருக்கா” என்றேன். யாரோ! என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதரிடம் சொல்கிறேன், யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று.

அதிகாரி ஒரு வழியும் சொன்னார். எழுதிய ஆள், மொழி மாற்றியதில் தவறு நேர்ந்துவிட்டது என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தால், இன்றைக்கே குழுவில் வைத்துப் பார்க்கலாம் என்றார். “ஆராணு எழுதியது?”

அந்த மாதம்தான் என் வேலையை நிரந்தரமாக்கும் பைல் மேலே போயிருந்தது. ஆறு வருடத் தற்காலிகம். வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். தவறு செய்தேன் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தால் அந்த பைல் என்ன ஆகும் என்று யோசித்தேன். நெடுநேரம் யோசித்ததாக நினைவு. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். காத்திருந்தார். பிறகு எழுந்து, “செரி சார், எழுதுனவங்களுக்கு என்ன தெரியும், பாவம். நாங்க அடுத்த வருசம் வாறோம்” என்றார்.

அடுத்த வருடம் என்று ஒன்று வரவில்லை. தோட்டம் கைமாறியது. புதியவர்கள் பழைய சம்மதம் எங்களைக் கட்டாது என்றார்கள். அண்ணாச்சி விடாமல் நாலைந்து தடவை பங்களா வாசலில் போய் நின்றார். பஞ்சாயத்தில் தேர்தல் வந்து ஆட்கள் மாறினார்கள், எரிசக்தித் தலைப்பு மறுபடியும் ஒரு வரிக்குச் சுருங்கியது. எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. அன்று கடைக்குப் போய் அவருக்கு லட்டு கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டு, “நல்லாயிரு தங்கச்சி” என்றார். ஒரு சொல், ஒரு குத்தல், எதுவும் இல்லை. திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை அவர்.

அடக்கத்துக்குப் போனேன். சாலை பஜாரிலிருந்து உங்களில் பாதிப்பேர் வந்திருந்தீர்கள். லயத்திலிருந்து வந்தது முத்துலட்சுமி ஒருத்திதான். தலை நரைத்துவிட்டது. அவள் மகள் பத்தாவதோடு நின்று திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய் வருடங்களாகிறதாம். மற்ற வீடுகளும் ஒவ்வொன்றாகக் காலியாகி இப்போது ஏழோ எட்டோ மிச்சமாம். விளக்கு வந்துவிட்டதா என்று கேட்டேன். “எங்க வந்திச்சு” என்றாள்.

அவள்தான் சொன்னாள். ஜில்லா ஆபீஸுக்குப் போய் வந்த மறுநாள் அண்ணாச்சி லயத்துக்கு ஏறிப் போயிருக்கிறார். எல்லாரையும் கூப்பிட்டு நடுவில் நின்று, “கூட்டத்துல நான் வாய் தவறி ஒரு வார்த்தைய விட்டுட்டேன். அதுல காரியம் கெட்டுப்போச்சு. என்னை மன்னிச்சிருங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்.

“நாங்க சும்மா விடல அம்மா” என்றாள் முத்துலட்சுமி. “கண்டபடி ஏசிட்டோம். கம்பெனிக்காரன்கிட்ட காசு வாங்கிட்டு மாத்திச் சொல்லிட்டான்னுகூடச் சில பேரு சொன்னாங்க. அதுக்கப்புறம் அவரு மேல வந்தா ஒருத்தரும் ஒரு வாய்த் தண்ணி குடுக்க மாட்டோம். அப்பவும் வருவாரு.” மூக்கைச் சிந்திப் போட்டாள். “நீங்களும் அன்னைக்கு அந்தக் கூட்டத்துல இருந்தீங்கள்ல? நெசமாவே அவரு வாய் தவறித்தான் சொன்னாராம்மா?”

பிணம் பத்தடி தூரத்தில் கிடக்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? “பஸ்ஸுக்கு நேரமாச்சு முத்துலட்சுமி” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நினைவுமலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று நீங்கள் கேட்டபோது முதலில் முடியாது என்றேன். பத்து நாள் தூக்கம் இல்லாமல் கிடந்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இதனால் எந்த வீட்டிலும் விளக்கு எரியப்போவதில்லை, தெரியும். அந்தப் பெண்ணின் படிப்பு திரும்பி வராது. ஏசியவர்கள் பாதிப்பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே யாருக்கும் தெரியாது. அண்ணாச்சியின் வீட்டம்மாவுக்காவது யாரேனும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

முத்துலட்சுமி, நீ கேட்டதற்குப் பதில்: அவர் வாய் தவறவில்லை. அவர் சொன்னது நல்ல தமிழ், சரியான சொல். தவறியது என் கை. கை தவறியதாவது பிழை என்று போகட்டும். அந்த ஆபீஸில் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாரே, அப்போது நான் வாயைத் திறக்காதது பிழை இல்லை. அதற்கு என்ன பெயரோ அதை நீயே வைத்துக்கொள்.

அவரிடமிருந்து எனக்கென்று என்ன வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி முடிக்க வேண்டும். லயத்தார் ஏசிய ஏச்சு அத்தனையையும் வைத்துக்கொள்கிறேன். இத்தனை வருடம் அவர் பத்திரமாக வைத்திருந்தார், ஆனால் அது என் பெயருக்கு வந்திருக்க வேண்டியது.