ஒரு வாங்கில் ஐந்து பேர் வரை

முந்தநாள் சுன்னாகம் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது, கரவெட்டியிலிருந்து வந்த ஒருவர் அன்னப்பிள்ளை ரீச்சர் காலமாகிவிட்டதாகச் சொன்னார். புத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் அவரோடு படிப்பித்தவர்களில் சிலருக்கு இச்செய்தி இன்னும் எட்டாதிருக்கலாம், அதனால் எழுதுகிறேன்.

அவருடைய வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவில் ஒரு தட்டிதான் மறைப்பு. கணக்கென்றால் ஒரே விடை என்று நம்பியிருந்த எனக்கு அவருடைய கணக்குகள் புதுமையாக இருந்தன. வண்டிலில் பத்து மூடைக்கு மேல் ஏற்றக்கூடாது, ஏழு ஏற்றியாயிற்று, இன்னும் எத்தனை ஏற்றலாம் என்று கேட்பார். பிள்ளைகள் ஆளுக்கொன்று சொல்லுவார்கள். "ஒண்டும் சரி, ரண்டும் சரி, மூண்டும் சரி. எதிலை பிழைக்கத் தொடங்குதெண்டு பாருங்கோ" என்பார்.

அக்காலத்தில் சில பிள்ளைகளைச் சாதியின் பேரால் நிலத்தில் இருத்தியிருந்தோம். எல்லாரையும் சமமாக இருத்தும்படி அரசாங்கக் கட்டளை வந்தபோது எங்கள் பள்ளிக்கூட மனேச்சர் மறுக்கவில்லை; பிள்ளைகள் இருக்கும் வாங்குப் பலகைகளில் இடமில்லை என்று மட்டும் சொன்னார். மறுநாள் ரீச்சர் வழக்கம்போலக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். தட்டிக்கு இப்பால் எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"ஒரு வாங்கிலை அஞ்சு பேர் வரை இருக்கலாம். முன்வாங்கிலை இப்ப நாலு பேர் இருக்கினம். இன்னும் ஒராள் இருக்கலாமோ?"

"ஓம் ரீச்சர்" என்றார்கள் பிள்ளைகள்.

"அப்ப வள்ளி, எழும்பி வா பிள்ளை."

வள்ளி பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு வந்து வாங்கின் ஓரத்தில் இருந்தாள்.

அடுத்த நாள் பாதி வகுப்பு வரவில்லை. ரீச்சரின் சொந்தத் தமையனே தன் மகளை மறித்துவிட்டார். அது வெறும் கணக்குத்தான் என்று பெற்றோருக்குச் சொல்லி, வள்ளியைப் பழையபடி நிலத்தில் இருத்தும்படி மனேச்சர் ரீச்சரைக் கேட்டார். ரீச்சர் தட்டியைச் சுற்றி என்னிடம் வந்தார். "பிழையான கணக்கெண்டால் திருத்துவன். சரியான கணக்கை எப்பிடித் திருத்திறது?" என்றார்.

பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். வள்ளியை யாரும் எழுப்பவில்லை. ஆனால் வருடம் முடியுமுன் ரீச்சரைக் கரவெட்டிக்கு மாற்றிவிட்டார்கள். தமையன் கடைசிவரை அவரோடு கதைக்கவில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லிக் குறைப்பட்டதும் இல்லை.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு பழக்கம். கேள்வி கேட்டபின், மெதுவாக யோசிக்கும் பிள்ளையும் பதில் சொல்லுமட்டும் பேசாமல் நிற்பது. நேற்றும் வகுப்பில் அப்படி நின்றேன். வெகுநேரம் நின்றேன். பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்; கேட்ட கேள்வி எதுவென்று எனக்கு மறந்துபோயிருந்தது.