ஒரே ஒரு சோதனைக்குப் போதுமான எண்ணெய்

என் மனைவிக்குப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிய பிறகு, ஸ்ரீரங்கத்தில் இருக்கும் ஆயுர்வேத டாக்டரம்மா ஒருவர் கஞ்சா இலைச் சாற்றில் செய்த எண்ணெயை எழுதிக்கொடுத்தார். அனுமதி பெற்ற மருந்துதான். சீட்டு இருந்தால் கூரியரில் வரும். ஆடியில் வந்த முதல் பாட்டில் அவளைத் தூங்க வைத்தது. காலையில் எழுந்து, "காபி என்ன ஆச்சு?" என்று அதட்டினாள். கணக்கு டீச்சராக இருந்தவள். அந்த அதட்டல் திரும்பி வந்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

ஐப்பசியில் அடுத்த பாட்டில் வந்தது. அதே கம்பெனி, அதே லேபிள், அதே அளவு சொட்டு. அவளுக்கு வலி அடங்கவில்லை. தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

எதிலும் தேதியைத் தேடிப் பார்ப்பது என் பழக்கம். பாட்டிலோடு வந்த பரிசோதனைச் சான்றிதழில் வீரியம் சரி, பூச்சிமருந்து இல்லை, ஈயம் இல்லை என்று இருந்தது. ஆனால் அதன் தேதி, பாட்டில் தயாரான தேதிக்கு முந்தையது. ஆடி பாட்டிலோடு வந்ததும் இதே காகிதம்தான். கம்பெனிக்கு போன் செய்தேன்.

"ஒரு தடவை டெஸ்ட் பண்ணிட்டா எல்லாத்துக்கும் அதான் சார்" என்றான் ஒரு பையன், மரியாதையாகவே.

இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். கஞ்சாவைச் சட்டப்படி விற்கும் இடங்கள் சிலவற்றில் ஒவ்வொரு தயாரிப்பையும் சோதித்த பிறகுதான் கடைக்கு விடுகிறார்களாம். அதற்கென்றே லேப்கள் பெருகி ஒரு தொழிலாகிவிட்டன. வீரியத்தைக் கூட்டிக் காட்டும் லேபுக்குத்தான் வேலை குவிகிறது என்ற புகாரும் கூடவே வளர்ந்திருக்கிறது. நம் ஊர்ப்பக்கமும் பெரிய நகரங்களில் லேப்கள் வந்துவிட்டன. ஆனால் அவை கம்பெனிகளுக்காக வந்தவை. எடமலைப்பட்டி புதூரில் எங்கள் வீட்டுப் படுக்கையில் கிடப்பவளுக்காக யாரும் லேப் திறக்கவில்லை.

மன்னார்புரத்தில் உணவுப் பொருள் சோதிக்கும் லேப் ஒன்றுக்குப் பாட்டிலைக் கொண்டுபோனேன். அங்கிருந்த பெண் லேபிளைப் படித்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

"சார், தண்ணி கொண்டாங்க, மஞ்சத்தூள் கொண்டாங்க, செக்கெண்ணெய் கொண்டாங்க. இதை வாசப்படிக்குள்ள கொண்டு வராதீங்க. எங்களுக்கு லைசென்ஸ் கிடையாது."

கடைசியில் டாக்டரம்மா பெங்களூரில் ஒரு லேபிடம் பேசிச் சம்மதிக்க வைத்தார். ஆனால் பாட்டிலில் பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. என் மனைவிக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும். அது போக மீதியை அனுப்பினால் ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும் என்றார்கள். எதைப் பார்ப்பது? மருந்தின் வீரியத்தையா, அதில் கலந்திருக்கக்கூடிய நஞ்சையா?

"நஞ்சைப் பார்க்கச் சொல்லிடறேன்" என்றேன் மனைவியிடம்.

அவள் சிரித்தாள். "இருந்தா என்ன செய்யும்? கேன்சர் வந்துடுமா?"

"விளையாடாதே. லிவர் போயிடும்."

"லிவர் போற வரைக்கும் நான் இருந்தா அப்ப பார்த்துக்கலாம். இதுல மருந்து இருக்கான்னு மட்டும் கேளுங்க. இல்லேன்னா நான் எதை நம்பி வாயைத் திறக்கறேன்?"

வீரியம் என்றுதான் எழுதி அனுப்பினேன்.

முடிவு கார்த்திகையில் வந்தது. லேபிளில் போட்டிருந்ததில் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. அனுப்பிய மாதிரிக்கு மட்டுமே இது பொருந்தும் என்று கீழே அச்சடித்திருந்தார்கள். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து அதைப் படித்துக் காட்டினேன்.

"மூணு மடங்கு கொடுத்தா வலி நிக்கலாம். ஆனா அதுல வேற ஏதாவது இருந்தா, அதுவும் மூணு மடங்கா உள்ள போகும். கொடுங்கன்னு என்னால சொல்ல முடியல. கொடுக்காதீங்கன்னும் சொல்ல முடியல."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தவள், "மூணால பெருக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று என்னைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

மூன்று மடங்கு எண்ணி விட்டதில் ஒரு சொட்டு தவறி அவள் தாடையில் விழுந்தது. விரலால் வழித்து அதையும் நாக்குக்கடியில் வைத்துக்கொண்டாள்.

மதியம் தூங்கிவிட்டாள். வலி விட்டதாலா, வேறு ஏதாவது உடம்பில் ஏறியதாலா என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவள் உதட்டின் நிறத்தையும் நகங்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுப்பிப் பார்க்கலாமா என்று நினைத்தேன். எழுப்ப மனம் வரவில்லை.